துறைமுகத்தில் ஒரு கட்டில்

ஸ்ட்ரெச்சரை நான்கு பேர் தோளுக்கு ஏற்றிவிட்டார்கள். முதல் படியில் கால் வைப்பதற்குள், கோஸ் தீவு ஆஸ்பத்திரியிலிருந்து படகில் கூடவே வந்த நர்ஸ் குறுக்கே வந்து நின்றாள்.

“இறக்குங்க. படியில சாய்ச்சா இவருக்கு மூச்சு நின்னுடும்.”

“வீடு இங்கதாங்க, மேல,” என்றாள் நோயாளியின் மகள் தெமெலினா.

நர்ஸ் அண்ணாந்து பார்த்தாள். கிரேக்கத் தீவான கலிம்னோஸின் வீடுகள் பாறையைப் பற்றிக்கொண்டு ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக ஏறிப் போயின. தெமெலினாவின் விரல் கடைசி வரிசையில் போய் நின்றது.

“வண்டி போற வழி இல்லையா?”

“கழுதையே யோசிச்சுட்டுதான் ஏறும்,” என்று காப்பிக்கடை நாற்காலியிலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு நொமிகோஸ்.

ஸ்ட்ரெச்சர் கல்தரையில் இறங்கியது. அதில் கிடந்த சகெல்லாரிஸ் கண்ணைத் திறந்து மகளைத் தேடினார்.

“வீடா?”

“இன்னும் இல்லப்பா. துறைமுகம்.”

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை ஆஸ்பத்திரியிலேயே ஒரே ஒரு முறை கேட்டுவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் விடு, என் கட்டிலுக்கு. அவளும் சரி என்று சொல்லியிருந்தாள்.

வீட்டில் அந்தக் கட்டிலின் கால்மாட்டில்தான் செம்புக் கவசம் இருந்தது. மூன்று கண்ணாடி ஜன்னல் வைத்த, இடுப்பை ஒடிக்கும் கனம் கொண்ட முக்குளிப்புத் தலைக்கவசம். அதைப் போட்டுக்கொண்டு அவளுடைய பூட்டனார், தாத்தா, பெரியப்பா, அப்பா என்று நான்கு பேர் ஆப்பிரிக்கக் கரை வரை கடற்பஞ்சு அறுக்கப் போனார்கள். அதன் வரலாற்றைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். பித்தளைத் தகட்டின் எண், துறைமுக அலுவலக முத்திரை, போட்டோக்கள், நான்கு பெயர்கள். முதல் மூன்று பெயர்களுக்கும் முடிவு ஒன்றேதான்: தன் கட்டிலில் இறந்தார். இந்தத் தீவில் அப்படி எழுதிக்கொள்ளக் கூடிய கவசம் வேறு எதுவும் இல்லை. மற்ற ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் கடலடியிலோ, அவசரமாக மேலே ஏறி வந்தோ செத்திருந்தார். அப்பாவுக்குப் பிறகு கவசமும் காகிதமும் அருங்காட்சியகத்துக்குப் போவதாக ஏற்பாடு.

காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிய அன்று நொமிகோஸ் வாசலில் நின்று படித்துவிட்டுச் சிரித்தான். “தண்ணியில காலே நனைக்காதவன்கூட கட்டில்லதான் சாவான், கேப்டன்.” அவன் அப்பா ஆப்பிரிக்கக் கரையில் பெங்காசிக்கு வெளியே, வேறொரு கவசத்துக்குள், கடலிலேயே தங்கிவிட்டவர். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

நர்ஸ் நாடியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். “ரொம்ப நேரம் இல்லம்மா. ஏதாவது ஒரு அறைக்குள்ள கொண்டுபோயிடலாமா?”

எதிரே ஓட்டல்காரர் ஓடிவந்து, கீழ்த்தளத்தில் நல்ல அறை இருக்கிறது, புது மெத்தை என்றார். தெமெலினா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு படிகளை. பிறகு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிய நால்வரை.

“மேல போங்க. கட்டிலைக் கொண்டுவாங்க.”

“எந்தக் கட்டில்?”

“அவரோடதுதான். வீடு திறந்துதான் இருக்கு.”

“நடுரோட்டுலயா போடுறது?”

“காகிதத்துல கட்டில்னுதான் இருக்கு. சுவர், கூரைன்னு எதுவும் இல்ல.”

சகெல்லாரிஸின் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்புதான். “உங்கம்மா புத்தி,” என்றார்.

நால்வரும் படி ஏறி ஓடினார்கள். காப்பிக்கடையில் ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. ஐந்தாவதாக ஒருவர் போவதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இரும்புக் கட்டில் சுவர்களில் மோதிக்கொண்டு இறங்கி வருவது கீழே வரை கேட்டது. மெத்தை, அம்மா பூவேலை செய்த விரிப்பு, தலையணை எல்லாம் அதன் மேலேயே சுருட்டிக் கிடந்தன. கட்டிலுக்குப் பின்னால் நொமிகோஸ் வந்தான். இரண்டு கையாலும் கவசத்தை வயிற்றோடு அணைத்திருந்தான். முகமெல்லாம் வேர்வை. அதைத் தூக்கிவரச் சொல்லி அவனிடம் யாரும் சொல்லவில்லை.

கட்டிலைப் படகுத்துறைச் சாலையில் போட்டார்கள். சமமாக இருந்த இடம் அது ஒன்றுதான். தெமெலினா விரிப்பை இழுத்து, மூலைகளை மடித்துச் செருகினாள். அவரைத் தூக்கப் போனவர்கள் பதறினார்கள்.

“மெதுவாடா,” என்றார் சகெல்லாரிஸ். “எங்க குடும்பத்துல எவனும் அவசரப்பட்டு மேல வந்ததில்ல.”

தலையணையில் தலை பட்டதும் நீளமாக மூச்சு விட்டார். நொமிகோஸ் கவசத்தைக் கால்மாட்டில் வைத்துவிட்டு, எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றான்.

“நொமிகோஸ்,” என்றார் கிழவர். “உங்கப்பன் எங்க எல்லாரையும் விட ஆழமா இறங்குனவன். நான் பார்த்திருக்கேன்.”

நொமிகோஸ் கடலைப் பார்த்தான்.

ஊர்ப் பேருந்து வந்து கட்டிலுக்கு முன்னால் நின்றது. ஓட்டுநர் ஹாரனில் கை வைத்தவர், கவசத்தைப் பார்த்ததும் என்ஜினை அணைத்தார். உள்ளேயிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி நின்றார்கள். யாரோ தொப்பியைக் கழற்றினார்கள். தெமெலினா அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கை கனத்த நேரம் அவளுக்குத் தெரிந்தது. நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

நெடுநேரம் கழித்து ஓட்டுநர் தாழ்ந்த குரலில் கேட்டார். “பாவம், ரோட்டுலயே போயிட்டாரா?”

தெமெலினா நிமிர்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நொமிகோஸ் திரும்பினான்.

“யாருய்யா ரோட்டுலன்னது? கட்டில்ல. அவரோட சொந்தக் கட்டில்ல. நான் இங்கதான் நின்னேன். நீயும்தான் நின்ன.”

“ஆமா,” என்றார் ஓட்டுநர். “ஆமா, கட்டில்லதான்.”

கட்டிலோடு சேர்த்தே அவரை மேலே கொண்டுபோனார்கள். பேருந்திலிருந்தும் ஆட்கள் வந்து தோள் கொடுத்தார்கள். தெமெலினா முன்னால் நடந்தாள். அழவில்லை. வீடுகளிலிருந்து பெண்கள் வெளியே வந்து, படியில் இருந்த பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார்கள்.

கடைசித் திருப்பத்தில், நொமிகோஸ் வீட்டு முன்னால், கட்டில் திரும்பவில்லை; இறங்கும்போது போலச் சாய்க்க இப்போது முடியாது, கால்மாடு அவன் கதவில் முட்டியது. சுமந்தவர்கள் நின்றார்கள். நொமிகோஸ் கவசத்தைச் சுவர்மேல் வைத்தான். தன் வாசலின் நீலக் கதவை இரண்டு கையாலும் பிடித்து, கீலிலிருந்து தூக்கி எடுத்து, ஓரமாகச் சாய்த்தான்.