நிஜமா, ஆற்றங்கரைப் பேச்சா?

எங்கள் ஆற்றில் பொடிமீன் ஏறும் இரண்டு மாதமும் யாரும் உண்மை பேச மாட்டோம். வாளி நிறைந்திருந்தாலும் "ஒண்ணுமில்லப்பா, வீட்டுக்குக் கிளம்பறேன்" என்போம். அதை நம்பி, ஆற்றோரம் பக்கத்துப் பலகை மேடையில் நின்று மீன் பிடிப்பவன் வலையைச் சுருட்டினால் அவன் பங்கும் நமக்கே. இதில் எங்களுக்கு வெட்கமே கிடையாது.

அதனால்தான் அன்று ரேவின் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குப் புரியவில்லை. பல வருடமாக என் அடுத்த மேடையில் வலை போடுகிறவள். என்னைப்போலவே வீட்டில் தனியாக இருப்பவள்.

"கிளெம், இன்னையோட சரி. மேடையை வித்துட்டேன். நெல்சன் டவுன்ல இருக்கற மக வீட்டுக்கே போயிடறேன்."

"காதுல பூ சுத்தாத. கடல் தண்ணி ஏறப்போற நேரம், என்னைக் கிளப்பப் பாக்கற."

"நான் போனா உனக்கு வருத்தமா இருக்காதா?"

"நிம்மதிதான்! உன் வாய் ஓஞ்சா மீனாவது பயப்படாம வரும்."

அவள் சிரிக்கவில்லை. வலையைத் தூக்கினாள், மடித்தாள், மேடையை விட்டு இறங்கினாள். கடல் ஏறினால்தான் மீனும் ஆற்றுக்குள் ஏறும். அந்த நேரத்தில் எவள் வலையை மடிப்பாள்? இதுவும் ஒரு தந்திரமோ? நடிப்பென்றால் இவ்வளவு நடிப்பா? எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மீன் வந்துவிட்டது. மீன் கண்ணுக்குத் தெரிவதற்காக ஆற்றடியில் போட்டிருந்த வெள்ளைப் பலகைமேல் சின்னச் சின்னக் கறுப்புக் கண்களாக, கூட்டம் கூட்டமாக ஓடியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள். அவள் இல்லாத ஆற்றில் யாரிடம் போய்ப் பொய் சொல்வேன்?

அவள் வண்டி உறுமும் சத்தம் கேட்டது. வலையைக் கரையில் எறிந்துவிட்டு ஓடினேன்.

"போகாத ரேவின். நீ இல்லாம என்னால முடியாது."

"இது நிஜமா, ஆத்தங்கரைப் பேச்சா?"

இந்த வாயை யார் நம்புவார்கள்?

அவள் என் தோளுக்கு மேலாக ஆற்றைப் பார்த்தாள். "மீன் ஏறுதா?"

"ஏறுது. இந்த வருஷம் இப்படி ஏறினதே இல்ல."

"உன் வலை எங்க?"

"கரையில கெடக்கு."

பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். "மேடையை வித்துட்டேனே, கிளெம்" என்றாள்.

"என் மேடைல ரெண்டு பேர் நிக்கலாம்."

அவள் வண்டியின் இன்ஜினை அணைத்தாள்.