மூன்றாம் நம்பர் முடி

ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் 'முடி-3' என்றொரு ஃபைல் இருந்தது. முடி-1 வயதானவர்களுக்கு. முடி-2 அவசரத்துக்கு. பெண் தேடும் வழுக்கைத் தலையர் யார் வந்து உட்கார்ந்தாலும், படத்துக்கு மெருகேற்றுகிறவனின் கை தானாக முடி-3க்குப் போகும். நல்ல அடர்த்தி, லேசான அலை, இடப்பக்க நெற்றியில் அடங்காமல் சுருண்டு நிற்கும் ஒரு கற்றை. "இது நம்ம கடை சொத்து" என்பார் முதலாளி. யாருடைய சொத்து என்று அவர் கேட்டதில்லை. மெருகேற்றுகிறவன் இருபத்திரண்டு வயதில் எடுத்துக்கொண்ட படத்திலிருந்து அவனே வெட்டி எடுத்த முடி அது. இப்போது அவனுக்கு இருபத்தொன்பது. முடி கம்ப்யூட்டரில் மட்டும் பத்திரமாக இருந்தது.

வினை என்னவென்றால், வரன் தேடும் தளத்தில் போட அக்கா ஒரு படம் கேட்டபோது, முடி-3ஐத் தன் தலையிலேயே வைத்துக் கொடுத்துவிட்டான். திருட்டில்லை, தன் பொருளைத் தானே எடுத்துக்கொண்டான் என்று சமாதானம் வேறு. படத்தைப் பார்த்து ஒரு பெண் பேசச் சம்மதித்தாள். செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை. இரண்டு வாரம் ஃபோனில் பேசினார்கள். அவன் ஜோக்குக்குச் சிரித்தாள். சிரிக்காதபோது ஏன் சிரிப்பு வரவில்லை என்று விளக்கமும் சொன்னாள். இவளை விட்டுவிடக் கூடாது என்று அவனுக்கு உறைத்த அன்றைக்கே கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை நேர்ல பார்ப்போமா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "போட்டோக் கடையில வேலை பாக்கறவன், ஃபோன்ல கேமரா ரிப்பேர்னு எத்தனை நாள்டா ஓட்டுவ? போய் ஏதாவது பண்ணு."

"மாமாவுக்கும்தான் வழுக்கை. நீ ஏதாவது சொன்னியா?"

"அவருக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் கொட்டுச்சு. அது மரியாதை."

திங்கட்கிழமை கேச மறுமலர்ச்சி மையத்துக்குப் போனான். வெள்ளைக் கோட்டு போட்ட ஆலோசகர் ஒருவர் அவன் மண்டையைப் படம் பிடித்து, சுவர் அளவு டிவியில் போட்டுக் காட்டினார். நிலவில் இறங்கியவர்கள் அனுப்பிய படம் மாதிரி இருந்தது.

"இதை நாங்க வழுக்கையா பாக்கறதில்ல சார். ஒரு பயணமா பாக்கறோம். பின்பக்கத்துலேர்ந்து எடுத்து முன்பக்கம் நடுவோம்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமா?"

"நட்ட முடி முதல்ல கொட்டும் சார். அப்புறமாத்தான் வளரும். பத்து மாசம், ஒரு வருஷம் ஆகலாம்."

"கொட்டறதுக்கா நடறீங்க?"

"அது ப்ராசஸ் சார்" என்று அடுத்த தலைக்கு மணியடித்தார் ஆலோசகர்.

மாத்திரைக்கும் மருந்துக்கும் அதே கதை, மாதக்கணக்கு. சலூனில், மண்டையில் புள்ளி புள்ளியாக மை குத்தினால் மொட்டை அடித்து வளர்கிற மாதிரியே தெரியும் என்றார்கள். வளர்கிற மாதிரி தெரியும், வளராது. அதிலும் நெற்றிச் சுருளுக்கு எங்கே போவது? புதன்கிழமை அக்கா ஒரு டப்பாவிலிருந்து கறுப்புப் பொடியைத் தலையில் தூவிவிட்டாள். கண்ணாடியில் பார்க்க உண்மையாகவே முடி மாதிரி இருந்தது. தெம்பாக வேலைக்குப் போய், பழைய படம் ஒன்றை ஸ்கேன் செய்யக் குனிந்தான்.

"ஸ்கேனர்ல என்னடா மிளகுத்தூள்?" என்றார் முதலாளி.

சனிக்கிழமை, வேறு வழியில்லாமல் விக் கடை. தன் படத்தை ஃபோனில் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்றான். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக்கூடப் போடவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு விக்கை எடுத்து வைத்தார். அதே அலை. இடப்பக்கம் அதே சுருள்.

"எப்படிங்க ரெடியா வச்சிருக்கீங்க?"

"இந்த ரெண்டு மாசத்துல நீங்க மூணாவது ஆளு தம்பி. படத்துல முகம்தான் வேற, முடி ஒண்ணுதான். எவனோ ஒரு மகராசன் ஒரே முடிய எல்லார் தலையிலயும் ஒட்டி அனுப்பறான். அவங்க பொண்ணு பாக்கறதுக்கு முந்தி இங்க ஓடி வர்றாங்க. நல்லா இருக்கட்டும் அவன்."

மகராசன் விக்கைத் தலையில் வைத்துப் பார்த்தான். கண்ணாடியில் இருபத்திரண்டு வயதுக்காரன் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தான். அடுத்த நிமிஷம் மகராசனுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஏறுவதற்கு அங்கே தடை ஏதும் இல்லை. அவனுடைய முடி கண்டவன் தலையிலெல்லாம் ஜோராக ஊர்வலம் போகிறது. அவன் மட்டும் அதற்காகக் கடைக்கு வந்து கெஞ்ச வேண்டும். விக்கைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டு வெளியே வந்தான்.

ஞாயிறு, ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு காபிக் கடைக்குப் போனான். அவள் முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். அவன் உட்காருவதற்குள் தன் ஃபோனை மேஜையில் வைத்தாள். அதில் இரண்டு ஆண்களின் படம். இரண்டும் அவன் கைவேலை.

"இவங்களப் போன மாசம் பார்த்தேன். பக்கத்துல உங்க படத்தை வச்சுப் பாருங்க. அதே சுருள், அதே இடம். நான் பல்லு செய்யறவ. ஒரே வாயில ரெண்டு பல்லு அச்சா ஒண்ணு போல இருந்தாலே சந்தேகப்படுவேன். மூணு தலையில ஒரே முடின்னா?"

"தெரிஞ்சுமா பேசினீங்க?"

"பேச்சு நல்லா இருந்துச்சு. அவங்க ரெண்டு பேரும் விக் வச்சுட்டு வந்தாங்க, அதுவும் ஒரே விக். மூணாவது ஆளு என்ன வச்சுட்டு வர்றார்னு பாக்கணும்ல. ஆமா, யாரு இந்த வேலையப் பண்றது?"

அவன் தொப்பியைக் கழற்றினான். காற்று மண்டையில் சில்லென்று பட்டது.

"நான்தான். முடியும் என்னோடதுதான். ஏழு வருஷத்துக்கு முந்தி."

அவள் மூன்று படங்களையும் பார்த்தாள், அவன் தலையைப் பார்த்தாள்.

"அப்ப உங்க முடிய நான் ஏற்கெனவே ரெண்டு தடவ வேணாம்னு சொல்லியாச்சு."

சிரிப்பதா எழுந்து போவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. "என்னைய?" என்றான்.

"பொய் சொன்னதுக்குக் கோவம் இருக்கு. அது கொஞ்ச நாள் இருக்கும்." ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள். "எங்கம்மா போட்டோவப் பார்த்துட்டு ரொம்ப ஆசையா இருக்காங்க. நிஜத்தை அனுப்பணும். நிமிருங்க."

"வெளிச்சம் என் பின்னாடி இருக்கு. நான் வேணா இந்தப் பக்கம்..."

"பேசாம உக்காருங்க."

கிளிக் என்று படம் விழுந்தது. அவன் கை பழக்கதோஷத்தில் நீண்டது. "குடுங்களேன், வெளிச்சத்தை மட்டும் சரி பண்ணி..."

"போயாச்சு" என்றாள்.

ஃபோன் மேஜை நடுவில் கிடந்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். அவள் அம்மா படத்தைப் பார்த்துவிட்டாள் என்று இரண்டு குறிகளும் நீலமாயின. பிறகு, 'டைப் செய்கிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது.