பிஷப்புக்குப் பாதி மருந்து

செனோனின் காலைத் தன் கால்முள்ளால் கிழித்தது அவன் வளர்த்த சண்டைச் சேவல்தான். யாரையும் மதிக்காமல் நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் அந்த நடைக்காக அதற்குப் பிஷப் என்று பெயர் வைத்திருந்தான். மோக்கா ஊர்ப் பாதிரியாருக்கு இதில் வருத்தமெல்லாம் இல்லை. பிஷப்பின் மேல் அவரும் கமுக்கமாகப் பந்தயம் கட்டுகிறவர்தான்.

செனோனுக்குச் சர்க்கரை வியாதி வேறு. கிழிந்த இடம் சீழ் வைத்தது. டாக்டர் யுதெல்கா கேப்சூல் எழுதிக் கொடுத்து, ஒன்றுகூட விடாமல் விழுங்கச் சொன்னாள். அதே வாரம் பிஷப்பும் ஒரு சண்டையில் தொடை கிழிந்து வந்து நின்றது. திருவிழாச் சேவற்கட்டோ நெருங்கிக்கொண்டிருந்தது. மோக்காவில் சேவல்காரன் எவனும் இதற்கெல்லாம் மாட்டு டாக்டரைத் தேடிப் போவதில்லை. வீட்டில் மனுஷனுக்கு இருக்கிற மருந்துதான் சேவலுக்கும். செனோன் ஒவ்வொரு கேப்சூலையும் பிரித்து, பாதிப் பொடியைத் தன் காப்பியில் போட்டுக் குடித்தான். மீதியை மக்காச்சோள மாவில் பிசைந்து பிஷப்புக்கு ஊட்டினான்.

கட்டிய பெண்டாட்டிக்கு ஒருநாள்கூட ஊட்டாத கை, சேவலுக்கு ஊட்டுகிறதே என்று நெரெய்தா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் இரண்டு பேருக்கும் வீக்கம் வடிந்துவிட்டது. செனோன் தன் வைத்தியத்தைத் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தான்.

பிஷப் தேறிவிட்டது. செனோனுக்கு வீக்கம் திரும்பி வந்தது, காய்ச்சலையும் நாற்றத்தையும் கூட்டிக்கொண்டு. இப்போது முழுக் கேப்சூலாக விழுங்கியும் அது அசையவில்லை. பாதம் கறுக்கத் தொடங்கியதும் நெரெய்தா அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். சீழைச் சோதித்துப் பார்த்த யுதெல்கா, பழைய மருந்து இனி வேலைக்கு ஆகாது, காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றாள். செனோன் எழுந்து உட்கார்ந்தான்.

"முதல்ல நல்லாத்தானே கேட்டுச்சு, டாக்டரம்மா?"

யுதெல்காவும் சேவல்காரன் வீட்டுப் பெண்தான். கிருமி பெருகும்போது தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்ளும், இந்த மருந்து அதைக் கட்டவிடாது, அரைகுறைச் சுவரோடு கிருமி வெடித்துச் சாகும் என்று விளக்கினாள். பாதி மருந்துக்குச் செத்ததெல்லாம் சோப்ளாங்கிகளாம்.

"களத்துல தோத்த சேவல என்னண்ணே பண்ணுவீங்க?"

"சூப்பு வைப்போம்."

"ஜெயிச்சத?"

"பெட்டையோட விடுவோம். குஞ்சும் அதே மாதிரி..." செனோன் நிறுத்திக்கொண்டான்.

"அதத்தான் உங்க காலுக்குள்ள பண்ணி வச்சிருக்கீங்க. அருமையான வம்சம்."

வேறு மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். இரண்டு விரல்கள் போயின. கால் தப்புமா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றாள் யுதெல்கா. செனோன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதான். நெரெய்தா திட்டிக்கொண்டே அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

திருவிழாவன்று கூட்டாளி தீலோ போனில் கத்தினான். பிஷப் ஜெயித்துவிட்டதாம், அதன் குஞ்சுக்கு ஊரே அலைகிறதாம், பாதிரியார் உட்பட. செனோன் சரி சரி என்று போனை வைத்தான். மருந்துப் பையின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே அதைக் கழற்ற நர்ஸ் வந்தாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கடைசிச் சொட்டு வரைக்கும் எறங்கட்டும் தாயி. வெளிய எவன் வேணா ஜெயிக்கட்டும். என் காலுக்குள்ள ஒருத்தன்கூட ஜெயிக்கக் கூடாது."