பிறக்காத கருவிக்கு உறை

மாலையில் அழுத்து இயந்திரங்களின் இரைச்சல் ஓய்ந்ததும், பாங் ஷௌரென் பட்டறை வாசலோரத்து நாற்காலியில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, இன்னும் பிறக்காத விளையாட்டுக் கருவிகளைப் பற்றிய வதந்திகளை வாசிப்பார். சோறு ஆறுகிறது என்று மனைவி ருவோமெய் உள்ளிருந்து கூப்பிடுவது அவர் காதில் ஏறாது. எந்த நிறுவனம் திரையை எவ்வளவு பெரிதாக்கப் போகிறது, எந்தக் கருவியின் பொத்தான் இடம் மாறப் போகிறது, எதன் முதுகில் புதிதாகத் தாங்குகால் முளைக்கப் போகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் ஐம்பது வயது கடந்தும் அவர் ஒரு விளையாட்டைக்கூட விளையாடியதில்லை. மணப்பெண்ணைப் பாராமலே ரவிக்கை தைக்கும் தையற்காரரின் நிலைதான் அவருடையது.

கையில் வைத்தும் ஆடலாம், தாங்கியில் செருகித் தொலைக்காட்சியிலும் ஆடலாம் என்னும் இரட்டைப் பிறவிக் கருவிகளுக்கு மேலுறை வார்ப்பது அவர் தொழில். ஷென்சென் நகரின் பாவ்ஆன் பகுதியில், அவருடைய தெருவில் மட்டும் அதே தொழிலைச் செய்யும் பட்டறைகள் ஏழெட்டு இருந்தன. முன்பெல்லாம் அது நிம்மதியான பிழைப்பாக இருந்தது. ஜப்பான்காரர்கள் ஒரு கருவியை வெளியிட்டால் ஆறேழு ஆண்டுகள் அதன் உருவம் மாறாது. ஓர் அச்சை வெட்டி வைத்தால் அது ஒரு குடும்பத்துக்கே சோறு போடும். இப்போதோ தைவான்காரர் ஒன்று, அமெரிக்கர் ஒன்று, உள்ளூரிலேயே நேற்று முளைத்த நிறுவனங்கள் ஆளுக்கொன்று எனக் கருவிகள் வந்து குவிந்தன. ஒன்றின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. வெட்டிய அச்சு சூடு ஆறுவதற்குள் பழசாகிவிடும்.

ரசிகர்களின் எதிர்பார்ப்போ அதற்கும் மேலே போயிற்று. கருவி வரும் அதே நாளில் உறையும் வர வேண்டும். கீழே விழுந்தாலும் கருவிக்கு ஒன்றும் ஆகாத அளவு உறை தடிமனாக இருக்க வேண்டும். கழற்றாமலே தாங்கியில் செருகும் அளவு மெல்லியதாகவும் இருக்க வேண்டும். பாம்பும் சாக வேண்டும், தடியும் முறியக் கூடாது. இணையக் கடையில் வரும் கருத்துகளை ருவோமெய்தான் வாசித்துப் பதில் எழுதுவார்.

"கேளுங்க இதை. 'கவர் நல்லாத்தான் இருக்கு. ஆனா மெஷின் வந்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்துச்சு. ஒரு ஸ்டார்.' அடுத்தது, 'கல்லு மாதிரி கனக்குது.' அதுக்கும் அடுத்தது, 'கனமே இல்ல, வெங்காயத் தோலு மாதிரி இருக்கு.'"

"எல்லாம் ஒரே கவருக்கா?"

"ஒரே கவருக்குத்தான். இவங்க ரெண்டு பேரையும் ஒரு ரூம்ல வெச்சுப் பூட்டிட்டா நம்ம பொழப்பு ஓடிடும்."

பாங்குக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தைய இரண்டு கருவிகளுக்கும் அவர் உறை பிந்தித்தான் வந்தது. மூன்றாவது முறையும் பிந்தினால் கடையின் மதிப்பெண் இறங்கி, தேடுபவர் கண்ணிலேயே படாத இடத்துக்குப் போய்விடும்.

ஒரு காட்டில் சிங்கத்துக்குக் குட்டி பிறக்கப் போகிறது என்று பேச்சு எழுந்ததாம். முதலில் குல்லாய் கொண்டு வருபவருக்கு அரண்மனையில் வேலை என்று நரி கிளப்பிவிட்டது. குட்டிக்குத் தலை பெரிது என்றது முயல். கொம்பு இருக்கும் என்று கண்டவர் சொல்லக் கேட்டதாகச் சத்தியம் செய்தது ஆந்தை. தையல்சிட்டு இரவெல்லாம் உட்கார்ந்து, கொம்புக்கு இரண்டு துளை விட்டு ஒரு குல்லாய் தைத்தது. காலையில் பார்த்தால், காட்டிலுள்ள சிட்டுகள் எல்லாவற்றின் மூக்கிலும் இரண்டு துளை வைத்த குல்லாய் தொங்கியது. ஆந்தை ஒவ்வொரு கூட்டுக்கும் தனித்தனியே போய்ச் சத்தியம் செய்திருந்தது. பாங்கின் தெருவில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

ஜப்பான் நிறுவனம் ஒன்றின் அடுத்த கருவி கோடையில் வரும் என்ற செய்தி பரவியதும், ஹுவாச்சியாங் மின்னணுப் பொருள் சந்தையின் மேல்தளத்தில் கடை வைத்திருந்த ஒருவன் பாங்கைத் தனியே அழைத்துப் போய், துணியில் சுற்றிய சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைக் காட்டினான். வரப்போகும் கருவியின் அதே அளவு, அதே வளைவு. முதுகின் வலப்புறம் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு குழி இருந்தது.

"இந்தக் குழி எதுக்கு?"

"புது பட்டன் அது, முதலாளி. வெளிய யாருக்கும் தெரியாது. இந்த ஊருலயே இது ஒண்ணுதான் இருக்கு. உங்க மொகத்துக்காகத்தான் எடுத்தேன். எங்கம்மா மேல சத்தியம்."

பாங் பேரம் பேசாமல் வாங்கினார்.

அதை அளந்து வரைந்த படத்தோடு அவர் நேரே போனது நிங் யூச்சினிடம். யூச்சின் அச்சு வெட்டும் பெண்மணி; பக்கத்துத் தெருவில் இரண்டு வெட்டு இயந்திரங்களை வைத்துத் தனியாகத் தொழில் நடத்திவந்தார். ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத முதலாளிகள்கூட அவர் மேசையில் தங்கள் வரைபடங்களை வைத்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள். ஒருவர் படத்தை இன்னொருவரிடம் காட்டமாட்டார் என்ற நம்பிக்கைதான் யூச்சினின் மூலதனம். அது போனால் இயந்திரங்கள் இருந்தும் பயனில்லை.

பாங் அந்தப் படத்தில் தம் பங்குக்கு ஒரு மாற்றத்தையும் குறித்துக் கொடுத்தார். வெப்பம் வெளியேறும் துளைகள் பொம்மையின் மேல் விளிம்பில் ஓர் ஓரமாகத்தான் இருந்தன. "அது எந்தப் பக்கம்னு நெட்டுல இன்னும் அடிச்சுக்கறாங்க. நீ மேல் விளிம்பு முழுக்கத் திறந்து விட்டுடு. எங்க இருந்தாலும் பொருந்தும்."

"விளிம்பு தொளதொளன்னு ஆயிடும் பாங் அண்ணே."

"ஆவட்டும். நாள் தப்பக் கூடாது, அதுதான் முக்கியம்."

அச்சு பாதி வெட்டியிருந்த வேளையில், எதிர்வரிசைப் பட்டறையின் தௌ ஜின்பௌ தம் இணையக் கடையில் புதிய கருவிக்கான உறையை முன்பதிவுக்கு வைத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பாங்குக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முதுகின் வலப்புறம், கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு துளை.

ஊரிலேயே ஒன்றுதான் என்று சத்தியம் செய்த பொம்மை அவர் பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது. அதன் வரைபடம் போன இடமோ ஒன்றே ஒன்று. அவர் செருப்பை மாட்டாமலே பக்கத்துத் தெருவுக்கு நடந்தார்.

"தௌவுக்கு எவ்வளவுக்கு வித்தே யூச்சின்?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதே. என் படத்தை."

யூச்சின் இயந்திரத்தை நிறுத்தினார். "பாங் அண்ணே, தௌவோட படமும் இதே மேசையில எத்தனையோ தடவ கெடந்திருக்கு. ஒரு தடவையாவது உங்களுக்குக் காட்டியிருக்கேனா?"

"அப்ப அந்த ஓட்டை அவனுக்கு எப்படி வந்துச்சு? கனவுலயா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவரக் கேளுங்க."

"திருடன் வீட்டுலயே போயி திருட்டைப் பத்தி விசாரிக்கவா? அச்சைக் குடு. மிச்சத்தை வேற எடத்துல வெட்டிக்கறேன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில், எரிச்சல் தணியாமல், அவர் உறைத் தொழில் செய்வோர் நானூறு பேர் இருக்கும் கைப்பேசிக் குழுவில் தம் குரலைப் பதிந்து அனுப்பினார். நிங் யூச்சின் தம் படத்தை விற்றுவிட்டார் என்றும், அவரிடம் படம் கொடுப்பவர்கள் யோசித்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். யூச்சின் அதை மறுத்து எழுதிய வரிக்கு யாரும் பதில் எழுதவில்லை. கோடை தொடங்குமுன்னே அவரது மேசை வெறுமையாகிவிட்டது. இரண்டு இயந்திரங்களில் ஒன்றுக்குத் துணி போர்த்திவிட்டார் என்று யாரோ சொன்னதைப் பாங் கேட்டார். வேண்டும் அவளுக்கு என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அந்த நினைப்பில் எதிர்பார்த்த இனிப்பு இல்லை.

வேறிடத்தில் வெட்டிய அச்சு பிசிறடித்தது. அதைத் திருத்தித் திருத்தி நாள் கழிந்தது. கருவி வந்து ஒரு வாரம் ஆன பிறகே பாங்கின் உறை போய்ச் சேர்ந்தது. வந்த கருவியில் மற்ற எல்லாம் பொம்மையைப் போலவே இருந்தன. அந்தக் குழி மட்டும் இல்லை. புதிய பொத்தானும் இல்லை. முதுகு வழவழவென்றிருந்தது.

ருவோமெய் கருத்துகளை வாசித்தார். "'இந்த ஓட்டை எதுக்கு? மெஷினுக்குத் தொப்புளா?' இது ஒருத்தர். 'லேட்டா வந்தாலும் ஓட்டையோட வந்திருக்கு.' இது இன்னொருத்தர்."

"போதும், நிறுத்து."

"தௌ கடையிலயும் இதே திட்டுதான். அந்தக் கோடிக் கடையிலயும் இதேதான். தெருவுல எல்லார் கவர்லயும் தொப்புள் இருக்கு."

அப்போதுதான் பாங் தலை நிமிர்ந்தார். "எல்லார் கவர்லயுமா?"

ருவோமெய் உள்ளே போய் ஓர் உறையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். தௌ கடையில் பெயர் மாற்றி வாங்கியது. "முந்தாநாளே வந்துச்சு. எப்படிச் சொல்றதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன். நம்மளோட இதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. மேல் விளிம்பைப் பாருங்க."

பாங்கின் உறையில் மேல் விளிம்பு முழுவதும் திறந்திருந்தது. தௌவின் உறையில் பொம்மையில் இருந்தபடியே ஓரத்தில் சிறு துளைகள் மட்டுமே இருந்தன.

"யூச்சின்கிட்ட நீங்க குடுத்த படத்துல விளிம்பு முழுக்கத் திறந்துதானே இருந்துச்சு? அந்தப் படத்தைப் பாத்து தௌ செஞ்சிருந்தா, இது ஏன் மூடியிருக்கு?"

பாங் இரண்டு உறைகளையும் கையில் எடுத்துக்கொண்டு எதிர்வரிசைக்குப் போனார். தௌ ஜின்பௌ வாசலில் குந்தி, விற்காத உறைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பாங், என் சரக்கை வாங்க வந்தியா? கிலோ கணக்குல தர்றேன்."

"இந்த ஓட்டையை எதைப் பாத்து வெச்சே? உண்மையைச் சொல்லு."

தௌ எழுந்து, அலமாரிக்கு மேலிருந்து சாம்பல் நிறப் பொம்மை ஒன்றை எடுத்துப் போட்டார். "இதைப் பாத்துத்தான். மேல்தளத்துக்காரன் குடுத்தான். ஊருலயே ஒண்ணுதான்னு சொன்னான்."

"அம்மா மேல சத்தியம் பண்ணானா?"

"பண்ணான்." தௌ ஒரு கணம் பாங்கின் முகத்தையே பார்த்தார். "அட, உன்கிட்டயுமா? பாவம்யா அந்த அம்மா."

பாங்கால் சிரிக்க முடியவில்லை. "என் படம் உன்கிட்ட வரவே இல்லியா?"

"உன் படம் எனக்கு எதுக்கு? அந்தப் பொம்பளைகிட்ட நான் ஒருதடவ உன்னோட பழைய படத்தைக் கேட்டேன். கேட்டதுக்கு என்னையே வெளிய போகச் சொல்லிட்டா. இதை நான் குழுவுல சொல்லியிருக்கணும். நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்குங்கன்னு சும்மா இருந்துட்டேன்."

அன்றிரவு பாங் வதந்தி எதையும் வாசிக்கவில்லை. ஏமாற்றியவன் மேல்தளத்துக்காரன், திட்டுபவர்கள் ரசிகர்கள், முந்துபவர் தௌ என்று எல்லார்மேலும் சினம் வந்தது. ஆனால் சினத்தை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது கடைசியில் தாம் குழுவில் பதிந்து அனுப்பிய குரலுக்கே திரும்பி வந்ததை அவர் உணர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தெருவின் முதலாளிகள் கூடும் தேநீர்ச்சாலைக்கு, தௌவின் அழைப்பின் பேரில் யூச்சின் வந்தார். புதிய வேலை ஒன்று என்றுதான் தௌ சொல்லியிருந்தார். பாங்கைக் கண்டதும் யூச்சின் நின்ற இடத்திலேயே நின்றார்.

"வேலை நெசம்தான்," என்றார் தௌ. "அதுக்கு முன்னாடி இவன் பேசணுமாம். உக்காரு தங்கச்சி. பிடிக்கலேன்னா எழுந்து போயிடு, யாரும் தடுக்க மாட்டோம்."

யூச்சின் அமர்ந்தார். மூங்கில் தட்டுகளில் வெந்த இறால் கொழுக்கட்டையை யாரும் தொடவில்லை. பாங் எழுந்து, கெண்டியை இரண்டு கைகளாலும் பிடித்து, அவர் கோப்பையில் தேநீர் ஊற்றினார். யாராவது ஊற்றினால் நன்றிக்கு அடையாளமாக இரண்டு விரலால் மேசையைத் தட்டுவது அங்கே வழக்கம். யூச்சினின் கைகள் மடியிலேயே இருந்தன.

"நான் தப்புப் பண்ணிட்டேன் யூச்சின். படம் உன்கிட்டேர்ந்து போகல."

"அது எனக்கு முன்னாடியே தெரியும் பாங் அண்ணே. இந்த மேசையைச் சுத்தி எத்தன பேரு இருக்கோம்? நீங்க என்னைத் திருடின்னு சொன்னப்ப நானூறு பேரு கேட்டாங்க."

பாங் கைப்பேசியை எடுத்தார். தேநீர்ச்சாலையின் சந்தடியில் குரல் அடங்கிவிடாதிருக்க அதை வாயருகே கொண்டுபோனார். "எல்லாருக்கும் வணக்கம். போன தடவ ஒரு தவறான புரிதல் ஏற்பட்டுப்போச்சு..."

"யாருக்கு ஏற்பட்டுச்சு?" என்றார் யூச்சின்.

பாங் பதிவை அழித்தார். மேசையில் இருந்தவர்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் மறுபடியும் தொடங்கினார்; பாதியில் மேல்தளத்துக்காரனைப் பற்றிய பேச்சு வந்தது. இம்முறை அவர் தாமே நிறுத்தி, அதையும் அழித்தார். மூன்றாம் முறை மெதுவாகப் பேசினார்.

"நான் பாங் ஷௌரென் பேசறேன். நிங் யூச்சின் என் படத்தை யாருக்கும் விக்கல. நான் விசாரிக்காம பழி சொன்னேன். தப்பு முழுக்க என்னோடது. என்னோட அடுத்த அச்சை, அவர் ஒத்துக்கிட்டா, அவர்கிட்டதான் குடுப்பேன். உங்க படத்தையும் நீங்க நம்பிக் குடுக்கலாம்."

அனுப்பினார். மேசையைச் சுற்றிலும் இருந்த கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்தன. யூச்சின் தம்முடையதை எடுத்துக் காதில் வைத்து, முதலிலிருந்து கடைசி வரை கேட்டார். பிறகு கோப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறிப்போச்சு."

பாங் அந்தத் தேநீரைக் கழிவுநீர்க் கிண்ணத்தில் கொட்டிவிட்டு, கெண்டியை மீண்டும் இரண்டு கைகளாலும் பிடித்து, புதிதாக ஊற்றினார். கோப்பை நிறையும்போது யூச்சினின் இரண்டு விரல்கள் மேசையை மெல்லத் தட்டின.