கெட்டிக் காற்றில் ஒரு சாண்

மலைமேல் இருக்கும் எல் ஆல்டோவில் நாற்பது பந்து எறிந்தால் நாற்பதும் கூடைக்குள் விழுந்தன. மலையிறங்கி சமவெளியில் சாண்டா குரூஸ் ரோபோ போட்டிக்கு வந்த பிறகோ, சுல்மா செய்த எறிபொறி துப்பிய பஞ்சுப் பந்துகள் எல்லாம் கூடைக்கு ஒரு சாண் முன்னாலேயே தொப்பென்று விழுந்தன. அரையிறுதிக்கு அரைமணி நேரம்தான் இருந்தது. தோற்றால் ரோபோவைப் பெட்டியில் கட்டிக்கொண்டு பேருந்து ஏற வேண்டியதுதான்.

"பேட்டரி?" என்றான் அணித்தோழன் லிம்பெர்ட்.

"ஃபுல்லா இருக்கு. பந்தை எறியற சக்கரத்து ரப்பர்கூட புதுசு. என் பொறியில கோளாறே இல்ல!"

"ஆமாமா, கூடைதான் பயந்து பின்னால போயிடுச்சு."

அதே ரோபோவில், ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பெட்டிகளை மேலேற்றும் தூக்கி அவன் செய்தது. கத்தரிக்கோல் கத்தரிக்கோலாக விரிந்து உயரும். கனம் அதிகம் என்று இரண்டு மாதமாக அவனோடு மல்லுக்கு நின்றவள் சுல்மா.

பக்கத்து மேசை உள்ளூர்ப் பெண் சிரித்தாள். "என்ன மலைக்காரங்களே, பந்துக்கு மூச்சு வாங்குதா? எங்க பசங்க உங்க ஊருக்கு ஃபுட்பால் ஆட வந்தா அவங்களுக்குத்தான் வாங்கும்!"

சுல்மா சட்டென்று நிமிர்ந்தாள். "லிம்பெர்ட், நம்ம ஊர்ல பந்து ஏன் அப்படிப் பறக்குது?"

"காத்து மெலிசு. கோல்கீப்பர் கையைத் தூக்கறதுக்குள்ள பந்து வலைக்குள்ள..." திறந்த வாய் அப்படியே நின்றது. "ஐயோ!"

"நாலாயிரம் மீட்டர் உயரத்துல அளந்துட்டு வந்திருக்கோம்டா! இங்க காத்து கூழாட்டம் கெட்டி."

"வேகத்தைக் கூட்டு."

"மோட்டார் முழுசாத்தான் ஓடுது."

"கிட்டப் போய் எறி."

"கோட்டைத் தாண்டினா புள்ளி கிடையாது." அவள் பார்வை தூக்கியின் மேல் விழுந்தது. "இது... எவ்வளவு உயரும்?"

"எது? நீ திட்டிக்கிட்டே இருந்த இந்த இரும்புக் கழுதையா?"

"பேசாம ஸ்பானரை எடுடா! உயரத்துல இருந்து எறிஞ்சா அந்த ஒரு சாண் தாண்டிடும்."

நாலு போல்ட்டைக் கழற்றி, எறிபொறியைத் தூக்கியின் தலையில் உட்காரவைத்தார்கள். அத்தனை நாள் அவள் திட்டிய கனம் அடியில் நங்கூரமாக நின்றது.

ஆட்டம் தொடங்கியது. லிம்பெர்ட் தூக்கியைப் பாதி உயரத்தில் நிறுத்தினான். முதல் பந்து விளிம்பில் பட்டு வெளியே தெறித்தது.

"இன்னும் ரெண்டு விரல் ஏத்து!"

"ஆடும்டி!"

"ஆடட்டும்!"

ஏற்றினான். ரோபோ குடித்தவனைப் போல் ஆடியது. அடுத்த பந்து உள்ளே. அதற்கடுத்ததும். விசில் ஊதியபோது கூடையில் பதினோரு பந்துகள்; எதிரணிக்கு ஒன்பது.

"இறுதிப் போட்டி!" என்று லிம்பெர்ட் கூரை அதிரக் கத்தினான். சுல்மா ஓடிப்போய் ரோபோவைக் கட்டிப்பிடித்து, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு முத்தமும் வைத்தாள்.

"ஏய், நீ முத்தம் கொடுத்தது என் தூக்கிக்கு!"

"தெரிஞ்சுதான் கொடுத்தேன், போடா!"