இடியண்ணனின் சிம்பல் போய் நின்ற இடம்

பழைய சிம்பல் ஒன்றை விளிம்பு ஊன்றித் தரையில் நிறுத்தி, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டால், அது தன் சொந்தக்காரர் இருந்த இடத்துக்குத் தானாகவே உருண்டு போய்ச் சேரும். டிரம் செட்டின் மேல் குடை மாதிரி விரிந்து நிற்குமே, அந்த வெண்கலத் தட்டைத்தான் சொல்கிறேன். புதுத் தட்டு இதைச் செய்யாது. நின்ற இடத்திலேயே கவிழ்ந்து, தெருநாய்களை எழுப்பிவிட்டு அடங்கிவிடும். ஒரு தலைமுறை அடி வாங்கிய தட்டுக்குத்தான் அந்தப் புத்தி வரும். பேர்போன டிரம்மர்கள் வாசித்தது என்று சொல்லிக் கண்ட தட்டையும் தலையில் கட்டுகிறவர்கள் பெருகிப்போன காலம் அது. எது யாருடையது என்று அறிய இதைவிட நம்பகமான வழி இல்லாததால், தட்டுக்குப் பின்னால் நடப்பதையே தொழிலாக வைத்துக்கொண்ட ஒருவர் அந்த ஊரில் இருந்தார். கையில் குடை, தோளில் தண்ணீர்ப் பாட்டில், காலில் கனத்த செருப்பு. ஊர் அவருக்குத் துரத்தியார் என்று பேர் வைத்தது. நான் எதையும் துரத்துவதில்லை, அது போகிறது, நான் கூடப் போகிறேன், அவ்வளவுதான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி அலுத்து, கடைசியில் அந்தப் பேருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

அவருடைய தொழிலில் சில கட்டுப்பாடுகள் உண்டு. தட்டுக்கு முன்னால் போகக் கூடாது. அதைத் தொடக் கூடாது. இப்படி வா, அப்படித் திரும்பு என்று யோசனை சொல்லவே கூடாது. இப்படி அவர் பின்தொடர்ந்த தட்டுகளால் பல டிரம்மர்களின் குட்டு வெளிப்பட்டிருக்கிறது. வீட்டில் ராஜா மாதிரி இருந்ததாகப் பேட்டிகளில் அளந்துவிட்ட ஒருவரின் தட்டு, அவருடைய மாமனார் வீட்டு மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் போய்ப் பவ்யமாக நின்றது. இன்னொருவருடையது பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தது. ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய் ஓட்டல் அறைகளிலேயே வாழ்ந்து முடித்த ஒருவரின் தட்டு, பேருந்து நிலையத்துக்கு எதிரில் உள்ள ரவுண்டானாவைச் சுற்ற ஆரம்பித்தது. இன்றும் சுற்றுகிறது. போக்குவரத்துக் காவலர் மற்ற வண்டிகளுக்குக் காட்டுவது போலவே அதற்கும் கை காட்டுகிறார். அது மற்ற வண்டிகளைவிட ஒழுங்காக நிற்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம்.

இடியண்ணனின் தட்டு கிடைத்தபோது அவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர் வாசிக்கும்போது பக்கத்துத் தெருவில் சுவரில் மாட்டிய படங்கள் கோணிக்கொள்ளும். கச்சேரி முடிந்ததும் அந்தத் தெருக்காரர்கள் ஸ்டூல் போட்டு ஏறி நேராக்கிக்கொள்வார்கள். அவருடைய மனைவி இடியம்மாவுக்கும் அந்தப் பேர் கணவர் வழியாக மட்டும் வந்ததில்லை. அவர் சமையலறையிலிருந்து உப்பு எங்கே என்று கேட்டால் நாலாவது வீட்டில் எடுத்துக் கொடுப்பார்கள். வாய் ஓயாத அந்தப் பெண்மணி, ஒரே ஒரு கேள்வியை மட்டும் கணவரிடம் கேட்காமலே விட்டுவிட்டார். மதியச் சாப்பாடு முடிந்ததும் இடியண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். டீ நேரத்துக்கு, ஒரு பக்கத் தலைமுடி அமுங்கி, முகம் தெளிந்து திரும்பி வருவார். எங்கே போனார் என்று அவரும் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். ஊருக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. அவருடைய குழுவில் பாடிக்கொண்டிருந்த பாட்டுக்காரி வீட்டுக்குத்தான் போகிறார் என்று ஊர் பார்க்காமலே சாதித்தது. இடியண்ணன் செத்துப்போன பிறகும் அந்தக் கேள்வி இடியம்மாவின் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

இசைக் காட்சிசாலையின் தலைவர் இடியம்மாவின் வீடு தேடி வந்தார். பழைய சாமான் கடை ஒன்றில் இடியண்ணனுடையது என்று சொல்லி ஒரு தட்டு கிடைத்திருக்கிறது, உருட்டிப் பார்க்கப் போகிறோம், அது எங்கே போய் நிற்கிறதோ அங்கே 'இடியண்ணன் இங்கே வாழ்ந்தார்' என்று பலகை வைப்போம் என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் இடியம்மாவுக்கு ஆசை. ஆனால் வாய் அவருடையதாயிற்றே.

"தாராளமா உருட்டுங்க. கண்ண மூடிட்டு நேரா இங்கதான் வரும். வேற எங்க போகும்?"

அதை ஊரே கேட்டது. இனிப் பின்வாங்க வழியில்லை.

தட்டை அடையாளம் காட்ட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இடியம்மா டீ போட உள்ளே போன நேரத்தில், அவருடைய தங்கை ஒரு காரியம் செய்தாள். நாளைக்கு நாலு பேர் போட்டோ எடுப்பார்களே, இப்படிக் கரேலென்று இருக்கிறதே என்று, பாத்திரம் தேய்க்கிற பொடியைப் போட்டுத் தட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள். பாதி தேய்த்ததும் அக்காவின் காலடி கேட்கவே, துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். தொழில் தெரிந்தவர்கள் யாரும் பழைய சிம்பலைப் பளபளக்க வைக்க மாட்டார்கள் என்பது பாவம் அவளுக்குத் தெரியாது. மறுநாள் காட்சிசாலை வாசலில் துணியைப் பிரித்த துரத்தியார் தலையில் கை வைத்தார்.

"வழி மறந்துடுமா?" என்று தலைவர் பதறினார்.

"வழியெல்லாம் மறக்காது சார். ஆனா வெட்கப்படும். பாதி ஷேவ் பண்ண மூஞ்சியோட நீங்க கடைத்தெருவுல போவீங்களா?"

அவர் சொன்னது போலவே ஆயிற்று. தட்டியதும் தட்டு ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு கடைத்தெருவைத் தவிர்த்து, வீடுகளின் பின்பக்கச் சந்துக்குள் நுழைந்தது. துரத்தியாரும் தலைவரும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் பக்கவாட்டில் திரும்பி, கொடியில் காயும் லுங்கிகளையும் பாவாடைகளையும் முகத்தால் விலக்கிக்கொண்டு அதன் பின்னால் போனார்கள். இடியம்மாவோ முன்வாசலில் நாற்காலி வரிசை போட்டு, பட்டுச்சேலை கட்டி, ஜூஸ் கலக்கி வைத்துக்கொண்டு தெருக்கோடியையே பார்த்தபடி நின்றிருந்தார். சத்தம் கொல்லைப்புறத்திலிருந்து வந்தது. அந்தச் சன்னமான கிண்கிணி யாருடையது என்று அவருக்குத் தெரியாதா. கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, குறுக்கே இருந்த வாளியை உதைத்துத் தள்ளி, பின்கதவை விரியத் திறந்தார்.

தட்டு வேகத்தைக் குறைத்தது. அவருக்கு மூச்சு வாங்கி முடியும்வரை நின்றது. அவர் பக்கமாக லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. பிறகு மேற்கொண்டு உருண்டு போனது.

"ஏங்க! வீடு இங்க இருக்கு!"

அந்தக் குரலுக்கு மூன்று வீட்டு ஜன்னல்கள் திறந்தன. தட்டு திரும்பவில்லை. இடியம்மாவுக்கு உலகமே இருண்டது. இத்தனை பேர் முன்னால், பட்டுச்சேலையோடு, திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நிலை எதிரிக்கும் வரக் கூடாது.

தங்கை அழுதாள். "அக்கா, நான்தான் பாதி தேய்ச்சுட்டேன். அதான் வழி தெரியாம போகுது. அப்படித்தானே துரத்தியாரே? சொல்லுங்களேன்."

துரத்தியார் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"வழி தெரியுதும்மா," என்றார்.

"அப்ப நானும் வர்றேன்," என்றார் இடியம்மா. "செத்த பெறகும் என்னை அலைய விடறாரு மனுஷன். எங்கதான் போறாருன்னு பாத்துடறேன்."

வாளியை உதைத்ததில் ஒரு செருப்பு எங்கோ போயிருந்தது. மற்றதோடு நடந்தார். அடுத்த சந்தின் கடைசியில் இருந்தது பாட்டுக்காரியின் வீடு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தட்டு அந்த வீட்டுப் பின்கட்டுக்குள் நுழைந்து, துணி காயப்போடும் கம்பத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. இடியம்மா தங்கையின் தோளைப் பிடித்த பிடியில் அவளுக்கு ஒரு வாரம் கை தூக்க முடியவில்லை. பாட்டுக்காரி தலை நிறைய ஹேர் டையோடு வெளியே வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், இடியம்மாவின் முகத்தையும் பார்த்தாள்.

"இங்கயா?" என்றாள் திகைத்துப்போய். "ஒரே ஒரு தடவ வந்தாரும்மா. இருமல் மாத்திரை இருக்கான்னு கேட்டாரு. இல்லன்னேன். போயிட்டாரு."

தட்டும் அதை ஒப்புக்கொள்வது போல ஒரு சின்ன இருமல் இருமிவிட்டுச் சந்துக்குத் திரும்பியது. இத்தனை வருடங்களாக ஊர் தன்மேல் பூசிய பழியை இப்படிப் பொசுக்கென்று துடைத்துவிட்டதில் பாட்டுக்காரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பிறகு எங்கேதான் போனார் என்று அவளுக்கும் ஆர்வம் வந்துவிட, டை காய்வதற்குள் திரும்பிவிடலாம் என்று அவளும் கூட நடந்தாள்.

தட்டு நுழைந்தது ஒரு மெத்தைக் கடையின் பின்கதவு வழியாக. முன்னும் பின்னும் பஞ்சு மூட்டைகள், தரையெல்லாம் பஞ்சு, காற்றிலும் பஞ்சு. அந்தக் கடைக்குள் சத்தம் என்பதே கிடையாது. தலைவர் தும்மினார், தோள் குலுங்கியது, ஓசை வரவில்லை. காதுக்குப் பக்கத்தில் வந்து பேசினால்தான் பேச்சு கேட்கும். இடியம்மா வாழ்நாளில் முதல் தடவையாகக் கிசுகிசுத்தார். தட்டு நேராகப் போய், காட்சிக்கு விரித்திருந்த இரட்டை மெத்தையில் ஏறி, இடது பாதியில் படுத்துக்கொண்டது.

புருவமெல்லாம் பஞ்சு ஒட்டிய மெத்தைக்காரர் தட்டை உற்றுப் பார்த்தார். "அட, இவரா? கரண்ட் ஆபீஸ் சார்தானே? ரொம்ப நாளா ஆளக் காணோமேன்னு நெனைச்சேன்."

அது கரண்ட் ஆபீஸ் சார் இல்லை, ஊரையே அதிர வைத்த டிரம்மர் என்று அவருக்கு விளங்க வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கடைக்கு வெளியே நடக்கும் எந்தச் சத்தமும் அவர் காதுக்கு வந்ததில்லை. பிறகு, தன் பங்குக்குத் தெரிந்ததைச் சொன்னார். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு வருவார். மெத்தையைப் பார்க்க வேண்டும் என்று படுப்பார். படுத்ததும் தூங்கிப்போவார். தூக்கத்தில் இரண்டு கையும் மெத்தையைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

"எந்திரிச்சதும் ஒரு கையால தட்டிட்டே மறுபக்கத்துல இன்னொரு கைய வெச்சுப் பாப்பாரு. அதிருதான்னு. 'இதுவும் அதிருதுங்க, இன்னும் மெத்துன்னு வேணும்'பாரு. நானும் முப்பது வருஷமா மாத்தி மாத்தித் தெச்சேன். நடுவுல தாராளமா படுங்க சார்னா கேக்க மாட்டாரு. 'அந்தப் பக்கம் அவளுக்கு'ம்பாரு."

இடியம்மா மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான புதிதில் தூக்கத்திலும் தாளம் போடுவார் அந்த மனிதர். எல்லாம் இவர் முதுகில்தான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, கூடத்தில் போய்ப் படுங்க என்று இவர்தான் விரட்டினார். சரி என்று தலையணையை எடுத்துக்கொண்டு போனவர்தான், கடைசிவரை கூடத்திலேயே படுத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபம் என்றே இடியம்மா நினைத்திருந்தார். கோபமில்லை, மனுஷன் திரும்பி வர, இவர் பக்கம் அதிராத மெத்தை தேடிக்கொண்டிருந்திருக்கிறார். தங்கையின் காதில் இதைச் சொன்னபோது இடியம்மாவுக்குக் கண்ணீர் தாரைதாரையாக வந்தது. அழுத சத்தம் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு, அத்தனை பேர் பார்க்க, பட்டுச்சேலையோடு வலது பாதியில் சாய்ந்து படுத்தார். தட்டு அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் மாறியது.

"என்னக்கா?"

"முதுகுல தட்டறாரு."

மெத்தைக்காரர் முகம் வாடிப்போயிற்று. "அப்ப இதுவும் சரியில்லையா?"

"சரியில்ல," என்றார் இடியம்மா. எழுந்திருக்கவில்லை.

பலகையை மெத்தைக் கடையில்தான் வைத்தார்கள். 'வாழ்ந்தார்' என்பதைக் காட்சிசாலைத் தலைவர் நாலு பேரிடம் யோசனை கேட்டு 'தூங்கினார்' என்று மாற்றினார். துரத்தியார் இன்னொரு டிரம்மரின் தட்டுக்குப் பின்னால் ஊரைவிட்டே போய், மழைக்காலம் முடிந்து வந்தார். பாட்டுக்காரியின் தலையில் டை காய்ந்து போய் அந்தக் கறுப்பு பிறகு மாறவே இல்லை, அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. மெத்தைக்காரர் இன்னும் புதிது புதிதாகத் தைத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்றையும் விரித்ததும் தட்டு இடது பாதியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். மதியச் சாப்பாடு முடிந்து இடியம்மா வருவார், வலது பாதியில் படுப்பார், தாளம் முதுகுக்கு வந்து சேர்ந்ததும் இதுவும் சரியில்லை என்று மெத்தைக்காரரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கூடத்துக்குப் போங்க என்று ஒரு நாளும் சொன்னதில்லை.