அறுபத்தாறாம் எண் வேண்டாம்

"எங்க வீட்டுக்காரரு பந்தியில வடை வேண்டாம்னாரு. நெசமாவே வைக்காமப் போயிட்டாங்க."

வேலாயுதம் சாரின் மனைவி பஸ் ஸ்டாப்பில் யாரிடமோ இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தது பொன்மாரியின் காதில் விழுந்தது. விழுந்தவுடன் அவளுக்கு விளங்கிவிட்டது. புதன்கிழமை அவள்தான் மாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

கோவில்பட்டி அமோகம் ஸ்டோர்ஸுக்குள் பை, குடை, வேண்டாம் ஆகிய மூன்றையும் கொண்டுபோகக் கூடாது. வாசல் கவுண்டரில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கவுண்டரில் இரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள் பொன்மாரி. பி.ஏ. படித்தவள், அதிகம் பேசமாட்டாள். முதலாளி அண்ணாச்சிக்கு அதனாலேயே அவளைப் பிடிக்கும்.

ஆட்கள் நீட்டும் வேண்டாமை அவள் செய்தித்தாளில் சுற்றி, எண் போட்ட அலமாரிக் கட்டத்தில் வைப்பாள். கைபட்டாலே யாருடையது என்று சொல்லிவிடுவாள். கல்யாணமானவர்களுடையது ஓரம் தேய்ந்திருக்கும். கல்லூரிப் பையன்களுடையதில் எடையே இருக்காது. சின்னப் பிள்ளைகளிடம் இருப்பது வேணும் மட்டும்தான். அதற்கு உள்ளே அனுமதி உண்டு.

உப்பு வாங்க வருகிறவர்கள், உப்பு கடைசி வரிசையில் இருப்பதால் அதுவரை நடப்பார்கள். திரும்பும்போது கூடையில் ஓர் இட்லித் தட்டும் இரண்டு பூந்தொட்டியும் இருக்கும். வெளியே வந்து வேண்டாமை வாங்கிக்கொண்டதும் பையைத் திறந்து ஒரு முறை பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தக் கடையில் எதுவும் நூறு ரூபாய் கிடையாது. எல்லாம் 99. அதனால் ஊருக்கே அந்த எண்ணின் மேல் ஒரு பிரியம். 66 கிடைத்தவர்கள் டோக்கனைத் தலைகீழாகத் திருப்பி 99 ஆக்கிக்கொண்டு, மிச்சம் பிடித்த முகத்தோடு உள்ளே போவார்கள். புதன்கிழமை 66 வாங்கிய சண்முகக்கனியும் திருப்பித்தான் நீட்டினாள். கூட்ட நெரிசலில் பொன்மாரி எடைபார்க்காமல் 99ஆம் கட்டத்தில் இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். பிறகு வேலாயுதம் சார் நிஜமான 99ஐ நீட்டியபோது அந்தக் கட்டம் காலியாக இருந்தது. சாரும் திருப்பிப் பிடித்திருக்கிறார் என்று நினைத்து 66இல் இருந்ததைக் கொடுத்தனுப்பினாள்.

சாருடையது பந்தி வேண்டாம். இலைக்கு மேல் கையை விரித்துக்கொண்டு சொல்வது. விரலிடுக்கில் ஒரு வடை இறங்க இடம் இருக்கும்.

சண்முகக்கனியுடையது வேறு ரகம். கடைக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் தனியாக இருந்து ரவிக்கை தைப்பவள் அவள். கார் நிறுத்த இடம் போதவில்லை என்று ஒவ்வோர் ஆவணி முதல் வெள்ளியும் அண்ணாச்சி அரைக்கிலோ அல்வாவோடு போய் அந்த வீட்டை விலைக்குக் கேட்பார். பதினோரு வருடமாக அவள் அந்த ஒரே வேண்டாமைத்தான் சொல்லிவருகிறாள். கையில் வாங்கினால் படிக்கல் போலக் கனக்கும்.

பஸ் ஸ்டாப்பில் இதைக் கேட்டது வியாழக்கிழமை. மறுநாள் ஆவணி முதல் வெள்ளி.

பொன்மாரி, வந்து நின்ற பஸ்ஸில் ஏறாமல், வேலாயுதம் சார் வீட்டுக்கு நடந்தாள். சார் முன்னறையில் வியர்த்து உட்கார்ந்திருந்தார். நேற்றிலிருந்து காபி, பேப்பர், மின்விசிறி எல்லாவற்றையும் மறுத்துவிட்டிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"மாத்திக்கலாமா சார்?"

"வேண்டாம்," என்றார் சார்.

கண் கலங்கித்தான் சொன்னார். கடைவரைக்கும் வரச்சொல்லிப் பார்த்தாள், அதுவும் வேண்டாம். அந்த வேண்டாமுக்குப் பிறகு பேச்சு நீளாது. அவள் எழுந்துகொண்டாள்.

அமோகத்தில் வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாளே தங்களுடையதைக் கொடுத்துவிட வேண்டும். கவுண்டரின் அடியில் அவற்றுக்கென்று ஓர் இழுப்பறை உண்டு. பொன்மாரியுடையது கசங்காமல் இருந்தது. அவள் அதைச் சொல்லிப் பார்த்ததே இல்லை. வீட்டிலும் வெளியிலும் அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, சொல்லிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் அதை டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு பின்தெருவுக்குப் போனாள்.

அண்ணாச்சி அவளுக்கு முன்பே வந்திருந்தார். தையல் மிஷின் மேல் பத்திரமும் பேனாவும் இருந்தன. அல்வா பிரித்திருந்தது.

"என்ன தங்கச்சி, இந்த வருசமும் அதேதானா?"

"வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் சண்முகக்கனி. சொல்லும்போதே அவள் கை பத்திரத்துக்கு மேல் தானாக விரிந்தது. அண்ணாச்சி விரலிடுக்கில் பேனாவை இறக்கினார். "வேண்டாம், போதும்," என்று சொல்லிக்கொண்டே அவள் 'சண்' வரைக்கும் எழுதிவிட்டாள்.

"ஏ பிள்ள, கவுண்டர்ல யாரு இருக்கா?" என்றார் அண்ணாச்சி, வாசலைப் பார்த்து.

பொன்மாரி உள்ளே வந்தாள். டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்ததைச் சண்முகக்கனியின் இடது கையில் வைத்தாள். சண்முகக்கனி அதை எடைபார்த்தாள்.

"புதுசா இருக்கே. யாருதும்மா?"

"இப்போதைக்கு உங்களுதுக்கா."

சண்முகக்கனி பேனாவைக் கீழே வைத்தாள். "வேண்டாம்," என்றாள். சொன்னதை அப்படியே பத்திரத்தின் மேல் வைத்தாள்.

அண்ணாச்சி அதையும் சேர்த்துப் பத்திரத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அல்வாவையும் கட்டிக்கொண்டார். அடுத்த ஆவணியில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பொன்மாரி குறுக்குச் சந்து வழியாக அவருக்கு முன்பே கவுண்டருக்கு வந்துவிட்டாள். கடை வாசலில் அண்ணாச்சி நின்றார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். எதிரே, உள்ளே எதையெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்று அவர் கைப்பட எழுதிய அறிவிப்புப் பலகை இருந்தது. வேண்டாமை வெளியே எடுத்து நீட்டினார். பொன்மாரி செய்தித்தாளில் சுற்றிக் கட்டத்தில் வைத்துவிட்டு டோக்கன் கொடுத்தாள். 66. அண்ணாச்சி அதைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு கூடையை எடுத்துக்கொண்டு உப்பு இருக்கும் பக்கமாக நடந்தார்.

சாயங்காலம் இட்லித் தட்டு, ஆறு பூந்தொட்டி, ஒரு பிள்ளைத் தொட்டில் எல்லாவற்றுக்கும் பில் போட்டு, தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். 99 என்று டோக்கனை நீட்டினார்.

பொன்மாரி 99ஆம் கட்டத்தைப் பார்த்தாள். அதில் யாரோ மறந்துவிட்டுப் போன குடை இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். அண்ணாச்சி அதை விரித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவள் 66ஆம் கட்டத்தில் இருந்த தன்னுடையதை எடுத்து, டிபன் டப்பாவில் வைத்து மூடிக்கொண்டு, பஸ் ஏறினாள்.